ஒரே நொடியில் நின்ற மின்விசிறி

பதினேழாவது தடவையாகத் துரைராசு "ஆமா" என்றார்.

மனுஷன் செத்து இரண்டு மாதம் ஆகிறது. புரட்டாசியில் வளக்கரை கிராமமே திரண்டு, வேட்டு வெடித்து, பூப்பல்லக்கில் வைத்து அனுப்பிய முன்னாள் ராணுவ வீரர். உடம்பு போய்விட்டது. குரல் மட்டும் தஞ்சாவூர் கீழவாசலில், ஒரு பாத்திரக்கடை மாடியில், ஜாஃபர் சாதிக்கின் லேப்டாப்புக்குள் உட்கார்ந்துகொண்டு அதே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை போடு," என்றார் பிரகதாம்பாள்.

"மேடம், இதுக்கு மேல போட்டா அவரே கடுப்பாகி 'இல்ல'ன்னு மாத்திச் சொல்லிடுவாரு."

யாரும் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்ததும், ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஜாஃபருக்கே ஆகிவிட்டது.

அந்த அம்மாள் பெயர் அகிலாண்டம். வயது எழுபத்து மூன்று. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான மறு வருஷமே, எழுபத்தொன்றில், கணவர் நெடுஞ்செழியன் போருக்குப் போனார். அதே ஊர்த் துரைராசுவும் அதே படைப்பிரிவில் கூடவே போனார். துரைராசு திரும்பி வந்தார். நெடுஞ்செழியனுக்குப் பதிலாக ஒரு தந்திதான் வந்தது. 'காணவில்லை' என்று அதில் இருந்தது. காணாமல் போனவன் எங்கே போனான் என்று ஊருக்குத் தெரியாது. தெரியாததை ஊர் சும்மா விடுமா? பயந்து ஓடிவிட்டான் என்று அதுவாகவே முடிவு கட்டிக்கொண்டது.

ஐம்பத்து மூன்று வருஷம் அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது. இப்போது அதற்குச் சாட்சி கிடைத்திருக்கிறது, ஒலிப்பதிவாக.

'களக்குரல்' என்று ஒரு குழு. வேலை வெட்டி உள்ள ஆட்கள், லீவு நாளில் சொந்தக் காசைப் போட்டு ஊர் ஊராகப் போய், வயதான பட்டாளத்துக்காரர்களின் அனுபவங்களை அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்கிறார்கள். போன சித்திரையில் துரைராசுவையும் பதிந்தார்கள். வளக்கரைப் பள்ளிக்கூட வாசலில் போருக்குப் போனவர்கள் பெயரை வெட்டி ஒரு கல்வெட்டு வைக்க ஏற்பாடு நடக்கிறது. விழாக்குழுத் தலைவர் இராஜாங்கம், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பதிவை வாங்கிக் கேட்டார். கேட்டதும் ஏழு பெயரில் ஒன்றை அடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. இன்று வியாழன்.

ஜாஃபர் மறுபடி தட்டினான். பேட்டி எடுத்த சூர்யபிரகாஷின் குரல் மரியாதையாகக் கேட்டது.

"நெடுஞ்செழியன் பயந்து ஓடிட்டாருன்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்குங்க அய்யா. அவரு ஓடினாரா?"

"ஆமா. போதும்."

அவ்வளவுதான், பதிவு முடிந்தது.

"துரைராசு அண்ணன் பொய் சொல்ற ஆளு இல்லம்மா," என்றார் அகிலாண்டம். "என் வீட்டுக்காரரு ஓடுற ஆளும் இல்ல. ரெண்டுல ஏதோ ஒண்ணு தப்பு. எது தப்புன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லிடுங்க. அவரு ஓடினதுதான் நெசம்னா நானே பள்ளிக்கூடத்துக்குப் போயி, அந்தப் பேரு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

பிரகதாம்பாள் தபால் துறையில் புகார் விசாரணை அதிகாரியாக இருந்தவர். காணாமல் போன மணியார்டர்களைத் தேடியே ஆயுசில் பாதியைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினார். வருகிற வேலை எல்லாம் மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண்ணுக்கு முன்னால் நிச்சயமானதா என்ற ரகம். இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. வந்ததிலிருந்து அவர் காபிகூட கேட்கவில்லை. அது நல்லதற்கில்லை என்று நாலு வருஷமாகக் கூட இருக்கும் ஜாஃபருக்குத் தெரியும்.

"இந்தக் களக்குரல் ஆளுங்க எப்படி?" என்று கேட்டார்.

"தங்கம் மேடம். நம்ம ஆளுங்கதான். துபாய்ல கேமரா மாட்டிக்கிட்டிருந்தவன்னு சொன்னேன், உடனே சேர்த்துக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் ரெண்டு மணி நேரம் நானும் அவங்களுக்குச் சும்மா வேலை செஞ்சு குடுக்கிறேன். சத்தம் கழுவுற வேலை."

"சத்தத்தைக் கழுவுவியா தம்பி?" என்றார் அகிலாண்டம், நிஜமாகவே புரியாமல்.

"ஆமாம்மா. பேச்சுக்கு நடுவுல இருமல், தும்மல், கோழி கத்துறது, குக்கர் விசில் அடிக்கிறது எல்லாம் வரும். அதையெல்லாம் எடுத்துட்டு வெள்ளையும் சொள்ளையுமா ஆக்கிக் குடுப்பேன். என் வீட்டுல என் பேச்சைக் கழுவ ஆள் இல்ல, அதான் ஊரார் பேச்சைக் கழுவிக்கிட்டு இருக்கேன்."

அந்த அம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. ஜாஃபருக்கு அது போதும். உற்சாகமாக எழுந்து, "ஃபேன் சத்தத்துல சரியாவே கேக்கல மேடம், நிறுத்திட்டுக் கேப்போம்," என்று சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

பிரகதாம்பாள் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் ஏலம் விட்ட பழைய ஃபேன் அது. கடகடவென்று நொண்டி, வேகம் குறைந்து, இன்னும் ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று இழுத்தடித்து, ஒருவழியாக நின்றது.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எதுக்கு மேடம்?"

"நிக்கிறதுக்கு."

"ஒரு நிமிஷம் இருக்கும். அதுக்கு என்ன அவசரம், அது என்ன பஸ்ஸா பிடிக்கப் போகுது?"

"இப்பப் போடு. பேச்சைக் கேக்காத. பேச்சுக்குப் பின்னால என்ன கேக்குதுன்னு கேளு."

போட்டான். 'அவரு ஓடினாரா?' என்ற கேள்விக்குப் பின்னால், தூரத்தில், கடகட கடகட என்று ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு தடவை காதில் விழுந்தும் கேட்காத சத்தம் அது. அடுத்து 'ஆமா' வந்தது. அந்த 'ஆமா'வுக்குப் பின்னால் கடகடப்பு இல்லை. வேகம் குறையவும் இல்லை, நொண்டவும் இல்லை. ஒரே நொடியில் சுத்தமாக நின்றுபோயிருந்தது.

ஜாஃபர் தன் தலைக்கு மேலே நின்றிருந்த ஃபேனைப் பார்த்தான். அப்புறம் பிரகதாம்பாளைப் பார்த்தான்.

"எந்த ஊர்லயும் ஃபேன் ஒரு நொடியில நிக்காது ஜாஃபர். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல கொறைஞ்சது ஒரு நிமிஷம் இருந்திருக்கு. அதை யாரோ வெட்டி எடுத்திருக்காங்க."

அகிலாண்டம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்ப அண்ணன் வேற என்னமோ சொல்லியிருக்காரு," என்றார்.

"இராஜாங்கம்தான் மேடம்," என்றான் ஜாஃபர். அவனுக்கு ரத்தம் சூடாகிவிட்டது. "பேரை அடிச்சவர் அவர். பதிவு அவர் கைக்குத்தான் போயிருக்கு. ஏதோ பழைய வாய்க்கா வரப்புச் சண்டை இருக்கும். அந்த நிமிஷத்தை வெட்டின கையை நான் பாக்கணும். பாத்து நாலு வார்த்தை கேக்கணும்."

"இராஜாங்கம் அய்யாவுக்குப் போன்ல படம் அனுப்பவே அவர் பேத்திதான் வரணும் தம்பி," என்றார் அகிலாண்டம்.

பிரகதாம்பாள் அதற்குள் சூர்யபிரகாஷை அழைத்திருந்தார். அவன் இப்போது ஓசூரில் வேலையாக இருந்தான். ஸ்பீக்கரில் குரல் பதறியது.

"நான் ஒரு வார்த்தைகூட வெட்டலீங்க மேடம். ரெக்கார்டர்ல இருந்தது அப்படியே போச்சு. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, அந்தக் கேள்வியக் கேட்டதும் அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எங்களுக்குப் பயிற்சியில ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்க. பேசுறவங்க உடைஞ்சு போனா அவங்க முகத்தைப் பாக்கக் கூடாது, குனிஞ்சு உங்க நோட்டைப் பாருங்க, அவங்களுக்குக் கொஞ்சம் நேரம் குடுங்கன்னு. நான் குனிஞ்சுக்கிட்டேன். கரண்ட்டும் போயிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, ஆமா, போதும்னாரு. ஆஃப் பண்ணிட்டேன்."

"எவ்வளவு நேரம் குனிஞ்சிருந்தீங்க?"

"ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் இருக்கும். வேற்றாள் முன்னாடி அழறாரேன்னு எனக்கே கஷ்டமா இருந்துச்சு மேடம்."

"அந்த நேரத்துல அவர் ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லலீங்க."

"வீட்டுல வேற யார் இருந்தாங்க?"

"அவங்க மருமக. வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தாங்க."

பிரகதாம்பாள் போனை வைத்தார். வைத்துவிட்டு ஜாஃபரை ஒரு பார்வை பார்த்தார். வழக்கத்தைவிட இரண்டு நொடி அதிகம்.

ஜாஃபருக்கு வயிற்றை என்னவோ பிசைந்தது. காலையில் தின்ற பூரியின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்தான்.

*

ஒரத்தநாட்டு ரோடு முழுக்க மழை. இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து, பச்சை பிடித்துத் தண்ணீருக்குள் நின்றது. வழக்கமாக இந்த மாதிரிப் பயணத்தில் ஜாஃபரின் வாயை மூடவைக்க பிரகதாம்பாள் ரேடியோவைத்தான் திருப்ப வேண்டியிருக்கும். இன்று முன் சீட்டில் வைப்பர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது. பின் சீட்டில் அகிலாண்டம், கணவர் சைக்கிள் விட்ட கதை, பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தில் ஏறி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட கதை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் குரலில் தெம்பு கூடிக்கொண்டே போனது. ஜாஃபர் கண்ணாடியில் அவரைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

வளக்கரையில் அவரை அவர் வீட்டில் இறக்கிவிட்டார்கள்.

"நல்ல சேதியோட வாங்க தம்பி. டீ போட்டு வைக்கிறேன்."

துரைராசுவின் வீடு அங்கிருந்து மூன்று தெரு தள்ளி. மருமகள் குந்தவைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் மஸ்கட்டில் இருந்தார். கூடத்தில் துரைராசுவின் படம் ராணுவ உடுப்போடு, மாலையோடு மாட்டியிருந்தது. படத்துக்கு நேர் மேலே அந்த ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா பேசினதைப் பத்தி என்னைக் கேட்டா என்னங்க தெரியும்?" என்றாள் குந்தவை. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். கண்ணை மட்டும் கொடுக்கவில்லை.

"நீங்க வாசப்படியில நின்னீங்களாமே."

"நிப்பேன், போவேன். வேலை கெடக்கும்ல."

"நெடுஞ்செழியன் ஓடினாரான்னு கேட்டதுக்கு உங்க மாமா ஆமான்னு சொன்னாரு."

"சொன்னாருல்ல. அப்புறம் என்னங்க?"

"யாருக்குச் சொன்னாரு?"

குந்தவை தலையை நிமிர்த்தினாள்.

பிரகதாம்பாள் அவசரப்படவில்லை. "கேள்வி கேட்டவரு குனிஞ்சு நோட்டைப் பாத்துக்கிட்டிருந்தாரு. மூணு நிமிஷமா அவர் நிமிரல. அப்ப உங்க மாமா யாரைப் பாத்துக்கிட்டிருந்தாரு? அந்த வீட்டுல இன்னொரு ஆள் நீங்கதான். கேள்வியிலயிருந்து மூணு நிமிஷம் தள்ளி வந்த ஆமா, அந்தக் கேள்விக்கு வந்த ஆமாவா இருக்கணும்னு என்ன கட்டாயம்?"

"ரெக்கார்டுல அப்படித்தானே இருக்கு. கேட்டதும் ஆமான்னாரு. ஊரே கேட்டுச்சு. விழாக்குழுவுல எல்லாரும் கேட்டாங்க." குந்தவையின் குரல் உயர்ந்தது. "நடுவுல மூணு நிமிஷம் இருந்துச்சுன்னா அது எங்க? நான் வெட்டினேனா? எனக்கு அதெல்லாம் தெரியுமா? வெட்டினவங்களைப் போயிக் கேளுங்க. அந்த ரெக்கார்டு வந்த அன்னைக்கு, நடுவுல இருந்ததைக் காணோமேன்னு எனக்கே பகீர்னு இருந்துச்சு. அந்த நேரத்துல ஒரு பொட்டுச் சத்தம் கெடையாது இந்த வீட்டுல. கரண்ட் போயி, ஃபேன் நின்னு, மாமா மூச்சு விட்டாரான்னுகூடத் தெரியல. ஒண்ணுமே இல்லாத இடத்தை எவன் வேலை மெனக்கெட்டு வெட்டுவான்?"

பூரி மேல் போட்ட பழி இதற்கு மேல் நிற்கவில்லை.

ஒன்றுமே இல்லாத இடத்தை வெட்டுகிறவன் யார் என்று ஜாஃபருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை, இரண்டு மணி நேரம், இருநூறு பதிவு. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்? மொத்தத்தையும் மெஷினில் போட்டு, ஒரு கட்டளை கொடுத்துவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விடுவான். பேச்சு இல்லாத இடம் இரண்டு நொடிக்கு மேல் இருந்தால் எடுத்துவிடு. பேச்சுக்குக் கீழே கேட்கிற சத்தமெல்லாம் அதற்குச் சத்தமே இல்லை. ஓடுகிற ஃபேன், நிற்கிற ஃபேன், அழுகிற மனுஷன் எல்லாம் ஒன்றுதான். இடம் அடைக்கிறதே என்று பழைய பதிவுகளை அழித்தவனும் அவனேதான். இருநூறு கிழவர்கள் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு, எப்படி மிச்சம் பிடித்தேன் பார் என்று குழுவில் பெருமையடித்து, கைதட்டும் வாங்கியிருந்தான்.

பிரகதாம்பாள் அவனைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டினது நான்தாங்க," என்றான் ஜாஃபர்.

குந்தவைக்குப் புரியவில்லை. அவன் எழுந்து நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"யாரும் வேணும்னு பண்ணல. நான் அந்தக் குழுவுல சேவைன்னு வேலை பாக்குறவன். பேச்சு இல்லாத இடமெல்லாம் வேஸ்ட்டுன்னு நெனச்சு எடுத்துப் போட்டேன். கேட்டுக்கூடப் பாக்கல. அந்த அம்மா மூணு தெரு தள்ளி டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரரை ஓடுகாலின்னு ஆக்கினது உங்க மாமா இல்ல, ஊரும் இல்ல. நான்தான். மாத்தணும்னா பழைய பதிவு வேணும். அதையும் நானே அழிச்சிட்டேன். இப்ப அந்த மூணு நிமிஷம் உங்ககிட்ட மட்டும்தாங்க இருக்கு. நீங்களும் அழிச்சிட்டா அவ்வளவுதான்."

நாலு வருஷத்தில் அவன் பேசி முடித்து யாரும் சிரிக்காமல் இருந்ததும், அதற்காக அவன் வருத்தப்படாமல் இருந்ததும் அன்றைக்குத்தான்.

குந்தவை படத்தின் பக்கம் திரும்பினாள். புடவைத் தலைப்பு வாய்க்குப் போனது.

"கையை நெஞ்சுல வச்சாருங்க," என்றாள்.

"யாரு?"

"மாமா. ஓடினாரான்னு அந்தத் தம்பி கேட்டுச்சுல்ல, வாயால பதில் சொல்லல. வலது கையை எடுத்துத் தன் நெஞ்சு மேல வச்சாரு. இப்படி. நான்தான்னு. வச்சுக்கிட்டு அந்தத் தம்பி பாக்கணும்னு காத்துக்கிட்டே இருந்தாரு. அது தலையையே நிமித்தல."

மழை ஓட்டின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தெரியும். காய்ச்சல்ல கெடந்தப்போ சொன்னாரு. ஆத்தங்கரையில குண்டு விழவும் துப்பாக்கியப் போட்டுட்டு ஓடினது மாமாதான். நெடுஞ்செழியன் ஓடல. துரைராசு, துரைராசுன்னு கூப்பிட்டுக்கிட்டு இவரைத் தேடி வந்திருக்காரு. வந்த எடத்துல அடிபட்டு ஆத்துல விழுந்துட்டாரு. தண்ணி இழுத்துக்கிட்டுப் போறதை மாமா பொதருக்குள்ள இருந்து பாத்திருக்காரு. விடிஞ்சு போய்ச் சேந்துக்கிட்டாரு. கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியல. ஊருக்கு வந்து அவனைக் காணோம்னு மட்டும் சொன்னாரு. ஊரு மிச்சத்தைச் சொல்லிக்கிச்சு. இவரு இல்லன்னு சொல்லல. தை மாசம் ஆனா அந்த அம்மா வீட்டுக்கு நெல்லு அனுப்புவாரு. தர்மப் பிரபுன்னு பேசிக்குவாங்க."

"அந்த ஆமா?" என்றார் பிரகதாம்பாள்.

"எனக்குச் சொன்னது." குந்தவை உடைந்துபோனாள். "நெஞ்சுல கையை வச்சதும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிடுச்சு. என் வீட்டுக்காரரு மஸ்கட்ல எல்லார்கிட்டயும் எங்கப்பா மிலிட்டிரின்னு சொல்லித்தான் நிமிந்து நடக்கிறாரு. எம் பொண்ணுக்கு வரன் பாக்குறோம். வாசப்படியில நின்னு ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். வேணாம் மாமா, சொல்லாதீங்கன்னு தலைய ஆட்டிக் கெஞ்சினேன். என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், சொல்ல வேணாம்தான்னு ஒத்துக்கிட்டு எனக்குத்தான் ஆமான்னாரு. அதோட போதும்னு முடிச்சுட்டாரு. அது போயி இப்படி ஒட்டிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச பெறகும் பேசாமதான் இருந்தேன். ரேஷன் கடையில அந்த அம்மா முன்னால நிக்கும், நான் பின்னால நிப்பேன். அவங்க முதுகப் பாக்க முடியாம வரிசைய விட்டு வந்துருவேன்."

பிரகதாம்பாள் எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டார். "இதை ரெக்கார்டு பண்ணிக்கலாமா?"

குந்தவை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பண்ணிக்குங்க. ஆனா அந்த அம்மாகிட்ட மெஷின் போய்ச் சொல்ல வேணாம். நானே வந்து சொல்றேன்."

குடை எடுக்க அவள் உள்ளே போனபோது ஜாஃபர் மெதுவாகக் கேட்டான்.

"உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?"

"சூர்யபிரகாஷ் பேசும்போதே."

"சொல்லியிருக்கலாம்ல."

"நான் சொல்லியிருந்தா நீ ஒரு ஜோக்கு அடிச்சிருப்ப. இந்தப் பொண்ணு வாயைத் திறந்திருக்க மாட்டா."

*

அகிலாண்டம் டம்ளர்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தார். வந்தவர்களில் குந்தவையும் இருப்பதைப் பார்த்து இன்னொரு டம்ளர் எடுத்தார்.

குந்தவை உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜாஃபர் தன் பங்கைச் சொன்னான். அந்த அம்மாள் இருவரையும் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அவர் திட்டவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்ன தேதின்னு அண்ணன் சொன்னாரா?"

"டிசம்பர் ஒம்போதுன்னு சொன்னாரும்மா. பொழுது சாயற நேரமாம்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டா வந்தாரு?"

"ஆமாம்மா."

"அவரு அப்படித்தான்," என்றார் அகிலாண்டம். அவ்வளவு நேரமும் கையில் பிடித்திருந்த டீ வடிகட்டியை அப்போதுதான் கீழே வைத்தார்.

பிரகதாம்பாள் இராஜாங்கத்தைப் போனில் பிடித்தார். விஷயத்தைச் சொன்னார். இராஜாங்கம் கெட்ட மனிதர் இல்லை. கேட்டதை நம்பியவர், அவ்வளவுதான். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"பெரிய பாவம் பண்ணப் பாத்தேனே அகிலாண்டம்மா. மன்னிச்சுக்குங்க. சிற்பி இன்னும் இங்கதான் இருக்காரு. ஏழாவது பேரை இப்பவே கல்லுல வெட்டிடச் சொல்றேன். துரைராசு பேரை என்ன பண்றதுன்னுதான் புரியல."

குந்தவை தரையைப் பார்த்தாள்.

"அது என் வேலை இல்லைங்க," என்றார் அகிலாண்டம். "என் வீட்டுக்காரரு பேரு வரட்டும். அது போதும்."

ஜெயித்துவிட்டோம் என்று ஜாஃபருக்குத் தோன்றியது. அந்த அம்மாள் கேட்டது கிடைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கல்லில் பெயர் இருக்கும்.

"இன்னொண்ணு கேட்டுக்கிறேன்மா," என்றது போன். "உயிரோட இருக்கறவங்க பேரு வெறும் பேரா இருக்கும். தவறிப்போனவங்களுக்கு முன்னாடி அமரர்னு போடறோம். அய்யா பேருக்கும் அப்படியே போட்டுடச் சொல்லட்டுமா?"

அகிலாண்டம் அடுப்புப் பக்கம் போனார், திரும்பி வந்தார். சுவரோரமாக மெல்ல உட்கார்ந்தார். பிரகதாம்பாளைப் பார்த்துத்தான் பேசினார். போன் இருப்பதே மறந்துபோன மாதிரி இருந்தது.

"ஓடிட்டாருன்னு எவனாவது சொன்னா ரோட்டுல நிறுத்திச் சண்டை போட்டிருக்கேம்மா. அரிவாள்மனையத் தூக்கிட்டுகூடப் போயிருக்கேன். ஆனா வீட்டுக்கு வந்து படுத்தா உள்ளுக்குள்ள ஒண்ணு தோணும். ஓடியிருந்தா எங்கயாவது இருப்பாருல்ல. வடக்க எங்கயாவது ஒரு ஊர்ல, வேற பேர்ல. வேற பொம்பள, புள்ளகுட்டிகூட இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. எழுபத்தேழு வயசு ஆயிருக்கும், பல்லு கொட்டியிருக்குமா, சக்கரை வந்திருக்குமான்னு நெனச்சுக்கிட்டே தூங்கிடுவேன். அதனால ஒரு வருஷம்கூட அவருக்குத் திதி குடுத்ததில்ல. குடுத்தா செத்துப்போயிட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல."

பிரகதாம்பாள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஜாஃபருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"அகிலாண்டம்மா, கேக்குதுங்களா?" என்றது போன். "சிற்பி உளிய வச்சுக்கிட்டு நிக்கிறாரு. எப்படிப் போடச் சொல்ல?"

"கேக்குது," என்றார் அகிலாண்டம்.

புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அமரர்னே போட்டுக்குங்க."